தண்ணி வடிகட்டித் தந்த வெயிலு

ஒரே ஒரு கடலாம். அந்தக் கடலுக்குள்ள ஒரு பாறையாம், அந்தப் பாறையில பச்சையா ஒரு நத்தை இருந்துச்சாம். பேரு பச்சநாச்சி. நத்தைன்னா ஓடு இருக்கும்ல, இவளுக்கு அதுவும் இல்ல. பாவம், வெறும் உடம்பு.

அவளுக்குன்னு இருந்தது உடம்புல ஊறுற பாலு மட்டும்தான். ஊறும்போது அது பச்சப்பாலு, ஒண்ணுக்கும் உதவாது. வெயிலு அலைக்குள்ள நுழைஞ்சு, தண்ணியில வடிஞ்சு, உக்கிரமெல்லாம் அடங்கி, சன்னமா அவ முதுகுல விழும். அதுல அந்தப் பாலு மெல்ல மெல்ல மெல்லப் பழுக்கும். பழுத்துட்டா வெயிலும் சுடாது, மீனு கடிச்சாலும் கசக்குதுன்னு துப்பிரும். புரியுதா? கொட்டாவி விட்டுக்கிட்டே தலையாட்டாதீங்கடா, எனக்கும்தான் வருது.

அந்தப் பாறைக்கு ஒரு நண்டுதான் ராஜா. நண்டு வளர்றப்ப பழைய ஓட்டக் கழட்டிப் போட்டுரும், புது ஓடு இறுகுற வரைக்கும் பொந்துக்குள்ள ஒளிஞ்சு கெடக்கணும். ராஜா போயி ஒளியலாமான்னு இதுக்கு ரோஷம். ஓட்டக் கழட்டுன கையோட பச்சநாச்சிகிட்ட நேரா வந்து, "ஏய், ஒம் பாலக் குடு"ன்னுச்சு. குடுத்தா. பூசிக்கிட்டு ஊர்வலம் போச்சு. மறுநாளும் வந்து, "குடு"ன்னுச்சு. குடுத்தா. அதுக்கு மறுநாளும் வந்து நின்னுச்சு.

"ராஜா, பழுத்தது தீந்துபோச்சு. நேத்து ஒரு மீனு என் வாலக் கடிச்சுருச்சு. என்னால முடியல ராஜா, நாலு நாளு என்னைய விட்டுருங்க"ன்னு அழுதா.

"பச்சப்பாலு இருக்குல்ல? அதக் குடு. தண்ணிக்கு மேல வெயிலு கொட்டிக் கெடக்கு, நானே சட்டுனு பழுக்க வச்சுக்கிறேன்."

"ஐயோ ராஜா, தண்ணி வடிகட்டித் தர்ற வெயிலு வேற, மேல அடிக்கிற வெயிலு வேற. பாலு முறிஞ்சுரும்."

"எனக்கே புத்தி சொல்றியா நீ?"ன்னு, அவகிட்ட மிச்சமிருந்த பச்சப்பாலையும் வழிச்சுப் பூசிக்கிட்டு, தண்ணிய விட்டு மேலேறி, பாறையில காலப் பரப்பிப் படுத்துச்சு.

அப்புறம் என்ன, மொட்ட வெயில்ல பாலு முறிஞ்சுச்சு, ஒடம்பு செவந்துச்சு, அப்படியே வெந்துச்சு. "பச்சநாச்சி, பச்சநாச்சி"ன்னு கத்துச்சு. ஏறி வர அவளுக்கு ஏது தெம்பு? கடல்காக்கா ஒண்ணு வந்து கொத்திக்கிட்டுப் போயிருச்சு.

பச்சநாச்சி சந்தோஷப்பட்டாளான்னு கேக்குறியா அமலி? இல்லடி. சந்தோஷப்படவும் தெம்பு வேணும்ல. சேதி சொன்ன மீன்கிட்ட, "அப்ப நாளைக்கு யாரும் வரமாட்டாங்கல்ல?"ன்னு மட்டும் கேட்டா. அப்புறம் பாசிக்குள்ள முதுகு மட்டும் தெரியப் படுத்து, கண்ண மூடிக்கிட்டா.

அடுத்தவ ஒடம்புல ஊறுனத வழிச்சுத் தின்னா வெந்துதான் சாகணும். கத முடிஞ்சுச்சு, வெளக்க அணைங்க, இனி யாரும் என்னைய எழுப்பாதீங்க.