முனைக்குப் போன தலைவி

ஏரி நடுவே இருந்த கருவேல மரங்களில் நாற்பது கூழைக்கடாப் பறவைகள் கூடு கட்டியிருந்தன. அந்த வருஷம் நல்ல மழை. ஏரி தளும்பியது. மீன்களெல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டன. கூழைக்கடாவுக்கோ ஆழத்தில் முங்கத் தெரியாது! வழக்கம்போல் தனித்தனியாக வேட்டைக்குப் போனவை வெறும் அலகோடு திரும்பின. கூடுகளில் குஞ்சுகள் கத்திக் கத்தி ஓய்ந்துபோயின.

தலைவி வெள்ளச்சி எல்லோரையும் கூப்பிட்டாள்.

"இனிமே யாரும் தனியாப் போக வேண்டாம்! பிறை மாதிரி வளைஞ்சு நின்னு, மீனைக் கரைப் பக்கம் விரட்டுவோம்!"

யார் எங்கே நிற்பது என்று இரண்டு நாள் உட்கார்ந்து சேற்றில் அலகால் படம் வரைந்தாள். நடுவில் தலைவியும் மூத்தவர்களும். பிறகு வயதுப்படி மற்றவர்கள். இரண்டு முனைகளிலும் போன வருஷம் பறக்கப் பழகிய இளசுகள். படம் என்றால் படம், அப்படி ஒரு படம்! எல்லோரும் மெச்சினார்கள்.

மறுநாள் விரட்டினார்கள். மீன் சிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நீந்தவே உடம்பு வணங்கல!" என்று சீறினான் மூத்தவன் தாடியன்.

அன்று வெள்ளச்சியின் கூட்டிலேயே ஒரு குஞ்சு பசியில் தலைதூக்கவில்லை. அவள் நேராக முனையில் நின்ற இளசு பூவாளிடம் போனாள்.

"உண்மையைச் சொல்லு. மீன் எந்தப் பக்கமாத் தப்புது?"

"எங்க பக்கம்தாம்மா! வளைவு மூடணும்னா முனையில இருக்கிறவங்கதான் ரொம்ப தூரம் நீந்தணும். நாங்க கரையைத் தொடுறதுக்குள்ள எல்லாம் போயிடுது."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"யாரும் கேக்கலையேம்மா!"

வெள்ளச்சி சேற்றுப் படத்தைத் தன் காலாலேயே அழித்தாள். இரண்டு நாள் உழைப்பு அது. அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்!

"நாளைக்கு ஒரு முனையில நான். இன்னொரு முனையில நீ, தாடியா! வேகமா நீந்த வலு இருக்கிறது மூத்தவங்களுக்குத்தான்; இளசுகள் நடுவுல வரட்டும்."

"முனையில நமக்கு மீனே கிடைக்காதே! தலைவி ஓரமா நின்னா மரியாதை என்ன ஆகும்?"

"மரியாதையைக் குஞ்சு வாயில ஊட்ட முடியுமா?"

தாடியன் மறு முனைக்கு ஒப்புக்கொண்டான்.

விடிந்ததும் நாற்பது பறவைகளும் இறக்கையால் தண்ணீரை அடித்துக்கொண்டு கிளம்பின. முனைகள் இரண்டும் பாய்ந்து போய்க் கரையைத் தொட்டன. கரையோரத் தண்ணீரில் மீன்கள் துள்ளின! நடுவில் நின்றவர்களின் தொண்டைப் பைகள் நிறைந்தன. வெள்ளச்சிக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு கெண்டை.

அவள் களைத்துப்போய்க் கூட்டுக்குத் திரும்பியபோது, பூவாள் முன்னாலேயே அங்கே வந்திருந்தாள். அவளுடைய தொண்டைப் பைக்குள் தலையை விட்டு, முந்தின நாள் தலைதூக்காத குஞ்சு தின்றுகொண்டிருந்தது.

ஆட்களை அந்தஸ்து பார்த்து நிறுத்தினால் படம்தான் அழகாக இருக்கும். வேலையைப் பார்த்து நிறுத்தி, அதற்காகத் தன் இடத்தையும் விட்டுக்கொடுக்கிற தலைமையே கூட்டத்தைக் காப்பாற்றும்.