வில்லவராயர் போட்ட உப்பில்லா விருந்து

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதஞ்சீமை என்று ஒரு நாடு இருந்தது, அதை ஆண்டவர் ஆதவமாறன் என்கிற ராஜா. காலையில் ஒன்று சொல்வார். வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் அதையே மாற்றுவார். அவரிடம் மாட்டிக்கொண்ட மந்திரி பெயர் வேம்படியார். சீமையே அவரைப் புத்திசாலி என்றது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தான் எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்தோம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

விஷயம் இதுதான். சீமைக்கு ஒரே ஏரி. யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு செய்கிற ஏரித்தலைவரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஜனங்களே தேர்ந்தெடுப்பார்கள். திரைக்குப் பின்னால், நிற்கிற ஆளுக்கு ஒரு பானை. வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. போனமுறை அரண்மனைப் பிரபு வில்லவராயர் நின்றார். பத்து நாள் ஊருக்கே விருந்து போட்டார். அந்தச் சீமையில் ஒரு வழக்கம்: ஒருவர் வீட்டு உப்பைத் தின்றவன் அவருக்கு எதிராகப் போகக் கூடாது. தின்ற அத்தனை பேரும் அவர் பானையிலேயே போட்டார்கள்.

"இது சரியா, மந்திரி?" என்று அன்றைக்கு ராஜா கேட்டார்.

வில்லவராயர் வீட்டுப் பாயசம் வேம்படியார் மீசையில் இன்னும் காயவில்லை. "சோறு போடுவதில் என்ன தப்பு, மகாராஜா?" என்றுவிட்டார்.

அப்புறம் என்ன? தண்ணீர் முழுக்க வில்லவராயர் கரும்புத் தோட்டத்துக்குப் போனது. கடைமடையில் இருந்த சாலிப்பட்டியில் நாற்பது வீட்டுக்குப் பதினொன்றுதான் மிச்சம்.

இந்த முறை, மதகு காக்கிற செங்காணி என்கிற பெண் எதிர்த்து நின்றாள். நேராக மந்திரியிடம் வந்தாள்.

"ஐயா, அந்த மனுஷன் மறுபடி அடுப்பு மூட்டிட்டான். நான் எதைப் போடறது, என் கஞ்சியையா? இந்தத் தடவையும் அவன் வந்தா சாலிப்பட்டியில சுவர்தான் நிக்கும்."

 மந்திரி மறுநாளே சபையில் எழுந்து, "விருந்தைத் தடை செய்யுங்கள், மகாராஜா" என்றார்.

வில்லவராயர் விடுவாரா? மந்திரி நாற்காலி மேல் அவருக்குப் பத்து வருஷமாக ஒரு கண். "கேட்டீர்களா, மகாராஜா! பசித்தவன் வாயில் மண்ணைப் போடச் சொல்கிறார். நான் தர்மத்துக்குப் போடுகிறேன். எனக்கென்ன லாபம்?"

ராஜா தொடையைத் தட்டினார். "தர்மத்தை நான் தடுக்க மாட்டேன். வேம்படியாரே, ஒரு அகப்பையைக்கூட நிறுத்தாமல் இவரைத் தோற்கடியும் பார்ப்போம். முடியாவிட்டால் உம் நாற்காலி இவருக்கு."

"சரி, மகாராஜா. விருந்து தாராளமாக நடக்கட்டும். ஒரே ஒரு கட்டளை போதும். சமையலில் உப்பு மட்டும் வேண்டாம். சாப்பிட வருகிறவர்கள் அவரவர் உப்பை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும்."

சபை சிரித்தது. வில்லவராயர்தான் அதிகம் சிரித்தார். "மந்திரியாருக்கு மூளை வற்றிவிட்டது! பத்து மூட்டை உப்பு எனக்கு மிச்சம். சம்மதம், சம்மதம்!"

பத்து நாளும் பந்தி நடந்தது. முதல் நாள் தயங்கித் தயங்கித்தான் வந்தார்கள். அப்புறம் பிடித்துக்கொண்டது. இலையில் மடித்த உப்பைச் சாம்பாரில் கலக்கிக்கொண்டு, "அண்ணே, இன்னும் ரெண்டு வடை!" என்று கூச்சமே இல்லாமல் கேட்டார்கள். பதினோராம் நாள் திரைக்குப் பின்னால் போனார்கள். செங்காணியின் பானை வழிந்தது. வில்லவராயர் பானையில் அவர் சமையல்காரர்களின் கொட்டைகூட முழுசாக இல்லை.

"துரோகிகள்!" வில்லவராயர் சபையில் குதித்தார். "என் வீட்டில் தின்றுவிட்டு எனக்கே துரோகமா?"

கூட்டத்திலிருந்து ஒரு குயவன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "சோறு உங்களுது சாமி, மறுக்கலை. உப்பு எங்களுது."

"அப்படியானால் நான் எதற்குடா உங்களுக்குக் கொட்டி அழுதேன்?"

ராஜா வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார். "ஓகோ! தர்மத்துக்குப் போடுகிறேன் என்றீரே, வில்லவராயரே? லாபம் இல்லை என்றீரே?"

  இனி ஏரித்தேர்தலுக்கு யார் விருந்து வைத்தாலும் உப்பில்லாமல்தான் என்று அங்கேயே சட்டமானது. தன் கழுத்து மாலையைக் கழற்றி வேம்படியாருக்குப் போட்டார் ராஜா. "கேளும், இன்னும் என்ன வேண்டும்?"

"சாலிப்பட்டிக்குப் போகக் குதிரை வேண்டும், மகாராஜா. வேறு எதுவும் வேண்டாம்."

செங்காணி மதகைத் திறந்தாள். வாய்க்காலை ஒட்டியே குதிரையில் போனார் வேம்படியார். ஊரைவிட்டுப் போன இருபத்தொன்பது வீட்டுக்கும் ஏற்கெனவே ஆள் அனுப்பியிருந்தார். ஒரு வீடுகூடத் திரும்பவில்லை. போன இடத்தில் காலூன்றிவிட்டோம், பிள்ளைகளுக்கு இந்த ஊர் பெயரே மறந்துபோச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வெடித்த வயலில் தண்ணீர் புகுந்தது. பக்கத்து வயலிலும் புகுந்தது. அங்கே வரப்புக் கட்ட ஆள் இல்லை, அது பாட்டுக்கு எங்கெங்கோ ஓடியது. மிச்சமிருந்தவர்களில் ஒருத்தியான குருவம்மா மண்வெட்டியும் கையுமாக நின்றாள். மாலையோடு வந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் அந்த உப்பு யோசனை சொன்ன மந்திரியா?"

"ஆமாம்மா."

"நல்ல யோசனைதான்யா. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஏன் தோணலை?"

ராஜா எதைக் கேட்டாலும் கண் சிமிட்டுவதற்குள் பதில் சொல்கிற மனுஷன் அவர். மாலையைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டார்.

"தோணியிருக்கும்மா," என்றார். "ஆனா அன்னைக்கு நானும் அந்தப் பந்தியில உட்கார்ந்திருந்தேன்."

 குருவம்மா, தண்ணீர் வீணாக ஓடுகிற பக்கம் மண்ணை வெட்டிப் போடத் திரும்பிக்கொண்டாள்.