அரசர் முகத்துக்குத் திரை போட்ட கோனேரி

முன்னொரு காலத்தில், அரசர்களுக்கெல்லாம் ஒரே மூக்கு இருந்த காலத்தில், ஆற்றங்கரையில் எங்கள் ராஜ்யம் இருந்தது. ஒரே மூக்கு என்று நான் சொல்வது பொய்யில்லை. கோயில் தூண்களைப் போய்ப் பாருங்கள். பாட்டன், பூட்டன், பூட்டனுக்குப் பாட்டன் என்று அரசர்கள் வரிசையாகக் கைகூப்பி நிற்பார்கள். எல்லோருக்கும் அதே கூர்மூக்கு, அதே மெல்லிடை, அதே புன்னகை. இவர்களில் யார் எவர் என்று கேட்டால் அர்ச்சகரே தலையைச் சொறிவார். சிற்பிகள்மேல் குற்றமில்லை. அரசன் என்றால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படிச் செதுக்கினார்கள்.

ஒரு திருவிழா நாளில் எங்கள் மகாராஜா அந்தத் தூண்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். தம்மைத் தோளில் தூக்கி வளர்த்த தாத்தாவை அங்கே தேடினார். தாத்தாவுக்குச் சப்பை மூக்கு, தொங்கிய கன்னம். அந்த முகம் எந்தத் தூணிலும் இல்லை. இனி எங்குமே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அரண்மனைக்குத் திரும்பியதும், தம் முகத்தை உள்ளது உள்ளபடி எழுதும் சித்திரக்காரன் ஒருவன் வேண்டும் என்றார். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

எங்கிருந்தெல்லாமோ ஓவியர்கள் வந்தார்கள். ஒருவர் அரசருக்குப் புலிக்கண் வைத்தார். இன்னொருவர் பத்து வயதைக் குறைத்து மாப்பிள்ளையாக்கி விட்டார். கடைசியில் வந்தவர் முத்திருளன். எங்கள் ஊர்க்காரர்தான், கோயில் விதானத்தில் சித்திரம் எழுதுபவர். எங்கள் ஊர்க்காரர் என்பதை நான் இரண்டு தடவை சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் தூரிகையைத் தொடாமல் அரசரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு எழுத ஆரம்பித்தார். கன்னத்தில் இருந்த வாள் தழும்பு வந்தது. புருவத்தில் நரைத்த முடி வந்தது. யோசிக்கும்போது அரசரின் கீழுதடு கொஞ்சம் பிதுங்கும், அதுவும் வந்தது.

தலைமை அமைச்சரான பிரதானி வன்மீகநாதர் தொண்டையைக் கனைத்து, தழும்பைத் தவிர்த்திருக்கலாமே என்றார். அரசர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நான்தான்" என்றார்.

அரசரின் விகடனான கோனேரி பக்கத்தில் நின்றிருந்தான். மற்றவர்கள் மனத்துக்குள் நினைப்பதை வாய்விட்டுச் சொல்வதுதான் அவன் உத்தியோகம். இனிமேல் இரண்டு மகாராஜாக்களைக் கும்பிட வேண்டியிருக்கிறது, அதில் ஒருவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்பது பெரிய ஆறுதல் என்றான்.

படம் சித்திரக்கூடத்தில் மாட்டப்பட்டது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. ஆனால் மலையடிவாரத்துக்காரர்களும் கடற்கரைக்காரர்களும் வேலையை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்? அவர்களுக்காக முத்திருளன் ஒரு வழி செய்தார். மெல்லிய தாளில் அந்த முகத்தின் கோடுகளை எடுத்து, கோடு நெடுக ஊசியால் பொடிப்பொடியாகத் துளை போட்டார். அந்தத் தாளை வேறொரு தாள்மேல் வைத்து, கரிப்பொடி கட்டிய துணி முடிச்சால் தட்டினால், கீழே புள்ளி புள்ளியாக முகம் விழும். புள்ளிகளைச் சேர்த்து வர்ணம் தீட்ட வேண்டியதுதான் பாக்கி. அவர் மனைவி தட்டினாள், மைத்துனர்கள் தீட்டினார்கள். பிறகு தெருவே அந்த வேலையில் இறங்கிவிட்டது.

கண்களுக்கு மட்டும் துளை போடுவதில்லை. கண் திறப்பது கடைசி வேலை. வாங்கியவர் வீட்டில், நல்ல வேளை பார்த்து, அந்த வீட்டார் ஒருவர் தம் கையால்தான் எழுத வேண்டும். அது சித்திரக்காரர்கள் குல வழக்கம். அதனால் வீட்டுக்கு வீடு முகம் ஒன்று, பார்வை வேறு. செக்கு மேட்டில், படகில், மணப்பெண்ணின் சீர்வரிசையில், எங்கே பார்த்தாலும் எங்கள் மகாராஜா. அண்டை நாட்டு வியாபாரிகளிடம், உங்கள் ராஜாவின் முகம் உங்களுக்குத் தெரியுமா என்று எங்கள் ஜனங்கள் கேட்பார்கள். அவர்கள் விழிப்பார்கள். எங்களுக்குத் தலைகால் புரியாத பெருமை.

இதைப் பார்த்து வயிறெரிந்தவர் வன்மீகநாதர். முன்பெல்லாம் அரசரின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவரிடம்தான் வர வேண்டும். பழத்தட்டோடு வருவார்கள், காத்துக் கிடப்பார்கள். இப்போது அடுப்படியில் நின்றபடியே அரசருக்குக் காலை வணக்கம் சொல்கிறார்கள். பிரதானியின் வாசலில் காக்காய்கூட இல்லை. அவர் அரசரிடம் போய், தங்கள் திருமுகம் வெங்காயக் கூடைக்கு மேலே தொங்குகிறது, புகை படிகிறது, ஈ உட்காருகிறது என்று உருகினார். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். அரசர் கொதித்துப் போனார்.

பிரதானி தம் கையாலேயே ஆணையை எழுதினார். மகாராஜாவின் திருமுகம் சித்திரக்கூடத்துப் படத்தில் மட்டுமே இருக்க வேண்டும். ராஜ்யத்தில் வேறெங்கும் காணப்படக் கூடாது. மற்றவை அனைத்தும் அகற்றப்பட்டதும், முத்திருளனின் வலக்கைக் கட்டைவிரல் துண்டிக்கப்பட வேண்டும். அரசர் முத்திரை வைத்துவிட்டார்.

கட்டைவிரல் போனால் சித்திரக்காரனுக்கு என்ன மிச்சம்? கோனேரி அரசரின் காலில் விழுந்து கேட்டுப் பார்த்தான். எங்கள் வம்சத்தில் போட்ட ஆணையைத் திரும்பப் பெற்றதில்லை என்றார் அரசர். பிரதானிக்கு இன்னொரு யோசனை உதித்தது. இவ்வளவு பரிந்து பேசுகிறவனே ஆணையை நிறைவேற்றட்டும், ஒரு முகம் விட்டுப் போனாலும் அவன் தலை போகட்டும் என்றார். அரசரும் தலையசைத்தார்.

கோனேரி ஆணையை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "வேலை முழுவதும் முடிந்த பிறகுதானே விரல், பிரபு?"

"ஆம். முழுவதும் முடிந்த பிறகு."

கோனேரி ஊருக்குள் போகவில்லை, அந்தப்புரத்துக்குப் போனான். முதலில் கண்ணாடிகளையெல்லாம் கழற்றி மூட்டை கட்டினான். மகாராஜா எதிரில் நின்றால் இவை அவர் முகத்தைக் காட்டுகின்றன என்றான். அடுத்து, அரசர் நீராடும் குளத்தின் மேல் ஓலைப்பந்தல் போட்டு மூடினான். அதன் பிறகு தொட்டிலருகே போய், கைக்குழந்தையாக இருந்த இளவரசரின் முகத்தில் மெல்லிய துண்டைப் போட்டான். குழந்தை வீரிட்டது. மகாராணி ஓடி வந்தார். கோனேரி பணிவாகக் கைகட்டிச் சொன்னான்: "தாயே, பிறந்த நாளிலிருந்து எல்லோரும் சொல்கிறார்கள், பிள்ளை அப்பாவை உரித்து வைத்திருக்கிறது என்று. ராஜ்யத்தில் இதைவிடச் சரியான நகல் கிடையாது. அடியேன் எதை விட்டாலும் இதை விட முடியாது."

மகாராணி நேரே சபைக்கு வந்து அரசரிடம் என்ன சொன்னார் என்பதை நான் எழுதப் போவதில்லை. அவர் சொல்லி முடிக்கும்போது, பின்னாலேயே கோனேரி ஒரு பட்டுத் திரையோடு வந்து சிம்மாசனத்தின் அருகில் நின்றான்.

"இது எதற்கு?" என்றார் அரசர்.

"ஆணையில், திருமுகம் சித்திரக்கூடத்துப் படத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்றிருக்கிறது. அடியேன் பார்க்கும்போது இங்கேயும் ஒன்று இருக்கிறது."

பிரதானி ஏதோ சொல்ல வாயெடுத்தார். எழுதியவர் தாமே என்பது நினைவுக்கு வரவே வாயை மூடிக்கொண்டார். அரசருக்குக் கோபமும் வீம்பும் ஒன்றாக வந்தன. விகடனிடம் தோற்பதா என்ற வீம்பு. "ஆணை ஆணைதான்" என்று திரையை வாங்கித் தாமே முகத்தில் கட்டிக்கொண்டார்.

திரைக்குள் வெக்கை. அரண்மனைக்குள் இருக்கப் பொறுக்காமல், பிரதானியையும் கோனேரியையும் அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் நடந்துவிட்டு, மேற்கு வாசல் வழியாகத் திரும்பினார். அங்கே காவலுக்கு நின்றவன் பேயாண்டி. மலையடிவாரத்திலிருந்து புதிதாகப் படையில் சேர்ந்திருந்தான். மீசை மட்டும் பழைய ஆள் மாதிரி இருக்கும். அவன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"மொகத்த மூடுனவங்கள உள்ள விடப்படாதுங்க. வாசலுக்கு உத்தரவு."

"நான் இந்நாட்டு அரசன்" என்றார் திரைக்குள்ளிருந்து அரசர்.

"நேத்து வந்த ஒருத்தரும் அப்படித்தான் சொன்னாருங்க. கள்ளு குடிச்சிருந்தாரு."

வன்மீகநாதர் முன்னால் வந்து, தாம் பிரதானி என்றும், இவர் மகாராஜாவே என்றும் அதட்டினார். பேயாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தான். "ஒங்களையும் நான் பாத்ததில்லையே, சாமி. தலப்பா கட்டுன பெரியவங்க சொன்னாங்கன்னு வாசலத் தொறந்து விட்டா, நாளைக்கு எதிரியும் தலப்பா கட்டிட்டு வருவான்ல?"

அரசர் திரையை அவிழ்த்தார்.

பேயாண்டியின் கையிலிருந்த ஈட்டி சரிந்தது. அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அரசர் அவனை எழுப்பி, என்னை நீ எப்போது பார்த்தாய் என்று கேட்டார்.

"பாத்ததில்லைங்க, ராசா. எங்க வீட்டுல படம் இருக்குது. படையில சேரக் கெளம்புறப்ப எங்காத்தா அதுக்கு முன்னாடி என்னய நிறுத்தி, 'இந்த மொகத்தக் காக்கத்தான்டா போற, நல்லாப் பாத்துக்க'ன்னுச்சு. அந்தத் தழும்பு, அந்த நரமுடி எல்லாம் அப்படியே இருக்குதுங்க. கண்ணு மட்டுந்தான் எங்க வீட்டுல லேசா மாறுகண்ணு. எங்க மாமா எழுதுனாரு."

அந்த முகத்தைக் காக்க மலையடிவாரத்தில் ஒரு தாய் மகனை அனுப்பியிருக்கிறாள். அவள் அரசரைக் கண்ணால் கண்டதுகூட இல்லை. சேனையையும் கோட்டையையும் நினைத்து எவ்வளவோ பெருமைப்பட்டவர்தான் அரசர், ஆனால் அன்று அடைந்த பெருமை வேறு. அவர் கண் கலங்கியதைப் பேயாண்டி பார்த்தான், பார்க்காததுபோல் நின்றான்.

கோனேரி மெதுவாக ஆணையை எடுத்து விரித்தான். "பிரபு, அந்த அம்மாளின் படத்தை எரிக்க அடியேன் இன்றே புறப்படட்டுமா? இல்லை, முதலில் திரையைக் கட்டிவிடட்டுமா? முகம் வெளியே தெரிகிறது. வேலை முடிந்தால்தான் விரல்."

அரசருக்குச் சிரிப்பு பீறிட்டது. கோட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாறுகண் மகாராஜாவை நினைத்து மறுபடி சிரித்தார். ஆணையை வாங்கி நான்காகக் கிழித்தார். எங்கள் வம்சத்தில் ஆணையைத் திரும்பப் பெற்றதில்லை, ஆகையால் கிழிக்கிறேன் என்றார். முத்திருளனை அழைத்துவரச் சொல்லிவிட்டு, தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துக் கோனேரிக்குப் போர்த்தி, இன்னும் என்ன வேண்டும், கேள் என்றார்.

கோனேரி கேட்பதற்குள் பிரதானி முந்திக்கொண்டார். கண்டவனெல்லாம் கண்டபடி எழுதித் தள்ளுவானே, எது நல்ல நகல், எது போலி என்று ஜனங்கள் எப்படி அறிவார்கள் என்று கவலைப்பட்டார்.

"பிரதானி கேட்பது நியாயமே" என்றான் கோனேரி. "அதற்கு முத்திருளனின் கட்டைவிரல் எனக்கு வேண்டும், பிரபு."

அப்போதுதான் வந்து சேர்ந்த முத்திருளனின் முகம் வெளுத்தது. கோனேரி அவர் வலக்கையைப் பிடித்து, கட்டைவிரலில் செங்காவிக் குழம்பைத் தடவினான். சித்திரக்கூடத்துக்கு அழைத்துப் போய், அரசரின் படத்து ஓரத்தில் அந்த விரலை அழுத்தினான். மகாராஜாவின் முகத்துக்குக் கீழே, செக்கச்செவேலென்று, ஒரு சித்திரக்காரரின் ரேகை விழுந்தது.

அன்றிலிருந்து அந்த விரல் பதியாத படத்தை எங்கள் ராஜ்யத்தில் யாரும் வீட்டுக்குள் ஏற்றியதில்லை. முதல் நகலில் விரல் பதிக்கும்போது, பக்கத்தில் நின்று தாளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் பணியை அரசர் பிரதானி வன்மீகநாதருக்கே கொடுத்தார்.