பெருச்சாளி வெட்டிய வாய்க்கால்

ஓடைக்கரை மேட்டில் தொந்தியப்பன் என்ற பெருச்சாளி வளை தோண்டிக் குடியிருந்தது. அறுவடைக் காலம் முழுக்க வயலுக்கும் வளைக்குமாக ஓடி, அடியறை நிறைய நெற்கதிர் சேர்த்துவிட்டது. மழைக்காலத்துக்கு அதுதான் சோறு. தினமும் ஒரு தடவை அந்த அறைக்குள் போய் மோந்து பார்க்காவிட்டால் அதற்குத் தூக்கம் வராது.

அதே சரிவில், சற்றுக் கீழே, சிட்டாள் என்ற சுண்டெலி வசித்தது. கண் திறக்காத நான்கு குட்டிகள் அதற்கு.

முதல் மழை பெய்தது. மேட்டுத் தண்ணீர் தொந்தியப்பனின் வாசலில் வந்து தேங்கியது. அடியறைச் சுவரில் ஈரம் ஏறி, ஓரத்துக் கதிர்கள் முளைவிட்டன.

தண்ணீரைத் திருப்ப வாய்க்கால் வெட்ட வேண்டும். இடப்பக்கம் வெட்டினால் தண்ணீர் நேரே ஓடையில் விழும். யாருக்கும் தொல்லை இல்லை. ஆனால் அந்தப் பக்கம் முழுக்கச் சரளை. நகம் தேய்ந்துபோகும். வலப்பக்கம் மெத்தென்ற மண். அதற்கு நேர் கீழேதான் சிட்டாளின் வாசல்.

பெருச்சாளி வலப்பக்கம் வெட்டியது.

அடுத்த மழையில் சிட்டாள் தொப்பலாக நனைந்து ஓடி வந்தது.

"அண்ணே! உங்க வாசத் தண்ணி பூரா என் வீட்டுக்குள்ள இறங்குது! பச்சப் புள்ளைங்க அண்ணே!"

"மழையை நானா வரச் சொன்னேன்? அவங்கவங்க வீட்டை அவங்கவங்கதான் பாத்துக்கணும்!"

"சரளைப் பக்கம் திருப்பி விட்டுருங்கண்ணே. நானும் கூட நின்னு தோண்டுறேன்!"

"நீயா? இந்தப் பொடிக் கையை வச்சுக்கிட்டா?"

"இந்தக் கைதான் அண்ணே உங்க அடியறையையும் காப்பாத்துது! உங்க தரையில ஊறுற தண்ணி என் பின்வாசல் வழியாத்தான் ஓடைக்கு வடியுது. மழைக்கு மழை அதுல மண்ணு அடைக்கும். நான்தான் தோண்டித் தோண்டிப் போடுறேன்!"

"அடேயப்பா! என் வீடே உன் தயவுலதான் நிக்குதா?"

தொந்தியப்பன் தொந்தி குலுங்கச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டது.

அன்று மழை விடவே இல்லை. விடிந்தபோது சிட்டாள் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மேட்டில் ஏறியது. திரும்பி வந்து இன்னொன்றைக் கவ்விப் போனது. அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை.

பெருச்சாளி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. நெஞ்சில் என்னவோ உறுத்தியது. ஆனால் அடியறை காய்ந்து கிடந்ததே! அந்தக் காய்ந்த தரையில் படுத்து நிம்மதியாகக் குறட்டை விட்டது. வெட்கங்கெட்ட ஜென்மம்!

பிறகுதான் பெருமழை வந்தது. வாசலில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை. தண்ணீர் தரையிலிருந்து ஊறியது! தொந்தியப்பன் மண்ணை அள்ளி அப்பியது. அப்பிய மண்ணே சேறாகி மிதந்தது. கதிர்கள் நனைய ஆரம்பித்தன. அப்போதுதான் சிட்டாள் சொன்னது உறைத்தது.

அலறியடித்துக்கொண்டு கீழே ஓடியது. சிட்டாளின் வளை மண் மூடிக் கிடந்தது. தலையை நுழைத்துப் பார்த்தது. தோளுக்கு மேல் போகவில்லை. கையை விட்டது, பின்வாசல் அடைப்பு எட்டவில்லை. அகலமாகத் தோண்டத் தோண்ட ஈர மண் சரிந்து மறுபடி மூடியது.

மேட்டு உச்சியில் ஒரு கள்ளிப்புதரின் அடியில் சிட்டாளைக் கண்டுபிடித்தது.

"தாயே! அடைப்பை எடுத்து விடு! என் நெல்லெல்லாம் போகுது! பாதியை நீயே எடுத்துக்கோ!"

சிட்டாள் மிஞ்சிய இரண்டு குட்டிகளையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டது.

"அந்த மண்ணுக்குள்ள என் ரெண்டு புள்ளைங்க கெடக்குது. அதுல நான் நகம் வைக்க மாட்டேன். நீங்க போங்கண்ணே."

தொந்தியப்பன் திரும்பிப் போனபோது அடியறை கூரைவரை நிறைந்திருந்தது. மழை ஓய்ந்து தண்ணீர் இறங்கியதும் பார்த்தால், நெல் அத்தனையும் அழுகி நாறியது. அந்த மழைக்காலம் முழுக்க அது வயல்வரப்பில் புல்வேரைக் கடித்துக்கொண்டு திரிந்தது. எதிரே வந்தவர்கள் யாரும் நின்று பேசவில்லை.

தன் வீட்டு ஈரத்தை அடுத்தவர் வீட்டுக்குத் தள்ளிவிடுகிறவனுக்கு, கடைசியில் வீடும் மிஞ்சாது, அடுத்தவரும் மிஞ்சமாட்டார்.