மீனைத் தின்னாத நீர்நாய்

மலையடிவாரக் காட்டின் ஏரிக்கரையில் விலங்குகளின் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. அதன் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் சேர விரும்புகிறவர்கள் தாங்களே ஆராய்ந்த ஒரு விஷயத்தோடு வந்து விண்ணப்பிக்க வேண்டும். அல்லி என்ற நீர்நாய்க்கு அங்கே சேர வேண்டுமென்று கொள்ளை ஆசை.

அவள் வாழ்ந்த குளத்தில் ஆண்டுதோறும் கோடை முடிந்து முதல் மழை பெய்ததும் மீன்கள் செத்து மிதக்கும். பிறகு நீர்நாய்கள் எல்லாம் பட்டினிதான். "கரையில் நிற்கும் எட்டி மரங்களின் இலைதான் விஷம்! மரங்களைப் பிடுங்கி எறிய வேண்டும்!" என்று அவள் இனத்தார் கத்துவார்கள். அல்லிக்கும் அதே சந்தேகம்தான்.

அவள் ஒரு பாறைக்குழியில் நீர் நிரப்பினாள். எட்டி இலைகளை ஊறப்போட்டாள். அதில் மீன்களை விட்டுவிட்டுக் காத்திருந்தாள். நாக்கில் எச்சில் ஊறியது. வயிறு கூப்பாடு போட்டது. ஆனாலும் ஒரு மீனைக்கூடத் தொடவில்லை.

மீன்கள் சாகவில்லை! மறுபடி மறுபடி செய்து பார்த்தாள். அவை கொழுகொழுவென்று நீந்திக்கொண்டிருந்தன. அல்லிக்கு அழுகையே வந்துவிட்டது.

நேர்காணலுக்குப் போகும் வழியில் வேம்பன் என்ற கீரி அவளோடு சேர்ந்துகொண்டான். அவனும் விண்ணப்பித்திருந்தான்.

"ஏன் முகம் வாடிக் கிடக்கிறது?" என்று கேட்டான்.

அல்லி நடந்ததைச் சொன்னாள்.

"அடப் பைத்தியமே! மீன்கள் செத்தன என்று சொல்லிவிடு! யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? என்னைப் பார். பாம்புக்கடிக்கு ஒரு வேரைக் கண்டுபிடித்திருக்கிறேன். கடிபட்ட எலிகள் எல்லாம் பிழைத்தன என்று சொல்லப்போகிறேன்."

"பிழைத்தனவா?"

"கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும்!" என்று சிரித்தான் வேம்பன்.

அல்லிக்கு மனம் ஊசலாடியது. ஒரே ஒரு பொய். இடம் கிடைத்துவிடும். அதே யோசனையோடுதான் அவள் உள்ளே நுழைந்தாள்.

மையத்தின் தலைவி ஒரு யானை. பக்கத்தில் விஷங்களை ஆராயும் நாகப்பாம்பு சுருண்டிருந்தார். "சொல்லம்மா, உன் ஆராய்ச்சியில் என்ன தெரிந்தது?" என்றது யானை.

அல்லி வாயைத் திறந்தாள். அந்தக் கொழுத்த மீன்கள் கண்முன் நீந்தின.

"என் எண்ணம் தப்பு அம்மா! எட்டி இலையால் மீன்கள் சாகவில்லை. ஏன் சாகின்றன என்று எனக்குத் தெரியவில்லை."

"அப்படியானால் இத்தனை நாள் உழைப்பும் வீண்தானே?" என்றார் நாகம்.

"அப்படித்தான் நினைத்தேன் ஐயா. ஆனால் குளத்தில் சாவதற்கு முன் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து தவிக்கின்றன. முதல் மழை அந்தக் குளத்து நீரை என்ன செய்கிறது என்று பார்க்க ஆசை. இங்கே சேர்ந்தால் பார்க்கலாம்."

"வெளியே இரு" என்றது யானை. அவ்வளவுதான். அல்லி தலை குனிந்து மூங்கில் தட்டிக்கு வெளியே உட்கார்ந்தாள். எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து வேம்பன் போனான். அவன் பேச்சு வெளியே கணீரென்று கேட்டது. "கடிபட்ட எலிகள் துள்ளி எழுந்து ஓடின!"

"ஆகா!" என்றார் நாகம். "இந்த மருந்தைத்தான் நான் வாழ்நாளெல்லாம் தேடுகிறேன்! வேரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதோ, உங்களையே கடிக்கிறேன்!"

"ஐயோ! வேண்டாம்! நான் அதை யாருக்கும் கொடுத்துப் பார்க்கவே இல்லை!" என்று அலறினான் வேம்பன்.

"வேர் எங்கும் ஓடிப்போகாது" என்றது யானை. "உண்மையாகவே சோதித்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு வா."

வேம்பன் வாலைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தான். அல்லியின் பக்கத்தில் ஒரு நொடி நின்றான். "அடுத்த ஆண்டு வந்து சேர்கிறேன், பார்!" என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

யானை அல்லியை அழைத்தது. "உன் இனத்தார் அந்த மரங்களைப் பிடுங்கச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள், தெரியுமா? இலை விஷம் என்று நீ சொல்லியிருந்தால் நாளைக்கே நாங்கள் வந்து பிடுங்கியிருப்போம். மரங்களும் போயிருக்கும். மீன்களும் செத்துக்கொண்டேதான் இருந்திருக்கும்."

ஒரே ஒரு பொய் இத்தனையும் செய்திருக்குமா என்று அல்லி நினைத்துக்கொண்டாள்.

"முதல் மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது" என்று யானை தும்பிக்கையால் அவள் முதுகில் தட்டியது. "வா, உனக்கு ஆராய்ச்சிக்கூடத்தைக் காட்டுகிறேன்."

தெரியாததைத் தெரியாது என்று துணிந்து சொல்பவருக்கே அதைத் தெரிந்துகொள்ளும் வழி திறக்கிறது.