செருப்பில் ஒட்டிய சாட்சி

செங்கோட்டையில் மரவாடி வைத்திருந்த தெய்வநாயகம் யாருக்கும் அடங்காதவர். கப்பலில் அவருக்கு வந்த மரத்தடிகளிலிருந்து ஒரு அந்துப்பூச்சி பறந்தது. வெளிநாட்டுப் பூச்சியென்றால் மலைக்காடே மொட்டையாகிவிடுமே என்று, சோதனைக்கு வந்திருந்த, ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த இசக்கியம்மாள் பிடிக்க ஓடினாள். முதலாளி முந்திக்கொண்டு மிதித்து நசுக்கிவிட்டார்.

“இப்பச் சொல்லு பாப்போம், இது எந்த நாட்டுப் பூச்சி? பாக்கதுக்கு றெக்கையே இல்லையே!”

“செருப்பைக் கழத்தித் தாங்க அண்ணாச்சி. பூச்சியோட ஒத்தைக்கால் ஒட்டியிருந்தாப் போதும், மரபணுவை வச்சு இனத்தைக் கண்டுபிடிச்சிரலாம்.”

ஆய்வகத்தில் அது அன்னிய இனம் என்று தெரிந்தது. தடிகளுக்கெல்லாம் புகைமருந்து போட்டார்கள், காடு தப்பித்தது.

இப்போதெல்லாம் சோதனைக்கு யார் வந்தாலும் தெய்வநாயகம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எதிரே வருகிறார். என்ன பணிவு என்று ஊரே மெச்சுகிறது.