முள்ளூரின் வெறுங்காணி

சேந்தனாருக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. குதிரையை விட்டு இறங்கியவர் கடிவாளத்தைக்கூடக் கட்டாமல் நேராகத் தவசியம்மையின் குடிலுக்குள் நுழைந்தார்.

அரசருக்கு விளைச்சல் மந்திரி அவர். தலை முழுக்க நரைத்துவிட்டது. தவசியம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவள்தான் குரு, அவர்தான் சீடர். அந்த அம்மாளின் வாய்க்குப் பயந்து அரண்மனைக்காரர்கள் பாதிப்பேர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. சேந்தனார் மட்டும் விடாமல் வருவார். திட்டு வாங்கினால்தான் அவருக்குப் புத்தி தெளியும் போல.

விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்கும்போதே கேட்டுவிட்டார்.

"எல்லா நாட்டிலும் கோதுமை விளைகிறது. நம் முள்ளூரில் மட்டும் ஏன் இப்படித் தரித்திரமாக விளைகிறது, அம்மா?"

முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த தவசியம்மை, முதலில் உட்காரச் சொன்னாள். அவர் எங்கே உட்கார்ந்தார்? நின்ற நிலையிலேயே கொட்டித் தீர்த்தார்.

அக்கம்பக்கத்து நாடுகளில் கோதுமை எப்படி விளைகிறது என்று பார்த்து வர அரசர் அவரை அனுப்பியிருந்தார். வடகரை நாட்டில் காணிக்கு நாற்பது மூட்டை. கீழ்மலை நாட்டில் இருபத்தைந்து. நம் நாட்டில் கோதுமை என்றால் முள்ளூர்ச் சீமைதான், அங்கே ஒன்பது. இதை அவர் அவையில் சொல்லும்போது வடகரைத் தூதன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அந்தப் பாவி சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். உங்கள் ஊரில் நோய் மண்ணுக்கா, மனுஷனுக்கா என்று கேட்டான். அவை முழுக்கச் சிரித்தது. அரசர் முகம் செத்துப்போய்விட்டது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை, தூக்கம் போய்விட்டது என்றார் சேந்தனார்.

அதோடு விட்டாரா? குதிரையைத் தட்டிக்கொண்டு முள்ளூருக்கே போனார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி நிலத்தில் அறுத்த தாள் நின்றது. மீதிப் பாதி வெறும் மண். அந்த வெறும் மண்ணைப் பொத்தையன் என்று ஒருவன் உழுதுகொண்டிருந்தான். மடியில் ஒரு மணி விதை கிடையாது. கேட்டால், இந்தக் காணியில் இந்த வருஷம் விதைக்கவே இல்லை, ஆறப்போட்டிருக்கிறோம் என்றான். ஊரில் எல்லாருமே அப்படித்தானாம். பாதி நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு ஒன்பது மூட்டையைக் காட்டுகிறார்களே என்று சேந்தனாருக்கு ரத்தம் கொதித்தது. அந்த நேரம் பார்த்துப் பொத்தையன், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க சாமி என்று சொல்லித் தொலைத்தான். மந்திரியைப் பார்த்து ஏர் ஓட்டுகிறவன் குனி என்று சொல்வதா? விட்டார் ஒரு அறை. அவன் ஏர்க்காலில் போய் விழுந்தான். அதே வேகத்தில் அரண்மனைக்குத் திரும்பி அரசரிடம் ஓர் ஓலை வாங்கினார்.

"முள்ளூர் நிலம் மொத்தத்தையும் பிடுங்கி, வடகரைக் குடியானவர்களை வரவழைத்துக் குடியேற்றப் போகிறோம். அரச முத்திரை விழுந்துவிட்டது," என்று இடுப்பில் செருகியிருந்த ஓலையைத் தொட்டுக் காட்டினார். "நாளைக்கு முள்ளூரில் படிக்க வேண்டும். நீங்கள் ஆசீர்வாதம் செய்யவேண்டும்."

தவசியம்மை முறத்தைக் கீழே வைத்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"அடித்தாயா?"

"அடித்தேன்."

அவள் எழுந்தாள். விறுவிறுவென்று கொல்லைப் பக்கம் நடந்தாள். சேந்தனார் பின்னாலேயே ஓடினார்.

குடிலுக்குப் பின்னால் இரண்டு காணி நிலம் உண்டு. ஒன்றில் அறுத்த தாள். மற்றது உழுதுபோட்ட வெறும் மண். இத்தனை வருஷமாக இங்கே வந்து கோதுமைக் கஞ்சி குடித்துவிட்டுப் போகிற மனுஷன், இதை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"குனி," என்றாள்.

அவர் விழித்தார்.

"குனி என்றேன்."

குனிந்தார். தாள் நிற்கிற காணியைக் கையால் தோண்டச் சொன்னாள். தோண்டினார். நகம் பெயர்ந்தது. முழங்கை ஆழம் போயும் அடுப்புச் சாம்பல் மாதிரி உலர்ந்த மண்தான் வந்தது. பிறகு வெறுங்காணிக்குப் போகச் சொன்னாள். மேலே விரல்கடை அளவுக்குப் புழுதி. அதை விலக்கியதும் கை சில்லென்றது. ஒரு பிடி எடுத்துப் பிடித்தார், கொழுக்கட்டையாக நின்றது. அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். மழை பெய்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

அவர் ஒன்றும் மண்டு அல்ல. மெல்ல மெல்லப் பிடிபட்டது. முள்ளூரில் ஒரு வருஷத்து மழை ஒரு வெள்ளாமைக்குப் போதாது. அதனால் ஒரு காணியை ஒரு வருஷம் சும்மா விடுகிறார்கள். பெய்கிற மழையை அது குடித்து வைத்துக்கொள்கிறது. வெயில் அதை உறிஞ்சிவிடாமல் மேலே உழுது புழுதியால் மூடுகிறார்கள். மறு வருஷம் விதைக்கிற பயிர் இரண்டு வருஷத்து மழையைக் குடிக்கிறது. இரண்டு காணியிலும் விதைத்தால் இரண்டும் கருகும். வடகரைக்காரனைக் கொண்டுவந்து குடிவைத்தால், பாவம், அவனும் சேர்ந்து கருகவேண்டியதுதான்.

"வடகரையில் பயிருக்கு எத்தனை தடவை தண்ணீர் கட்டினார்கள்?" என்று கேட்டாள் தவசியம்மை.

"ஆறு ஓடுகிற ஊர். ஐந்து தண்ணீர்."

"முள்ளூரில்?"

"ஒன்றுகூட இல்லை, அம்மா."

சொல்லி வாய் மூடவில்லை, அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. காணிக்கு இவ்வளவு என்று பார்த்தால்தானே நாம் கடைசி? தண்ணீருக்கு இவ்வளவு என்று பார்த்தால்? விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். அங்கே ஒரு தண்ணீருக்கு எட்டு மூட்டை, இங்கே தண்ணீரே கட்டாமல் ஒன்பது. அட, முள்ளூர்தான் முதல். வடகரைக்காரன் கால்தூசிக்கு வரமாட்டான். சேந்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. ஓலையை உருவி மடக்கென்று முறித்துப் போட்டு, ஈரமண்ணை மறுபடி ஒரு பிடி அள்ளிக்கொண்டார். நாளைக்கே அவையைக் கூட்டச் சொல்கிறேன், அந்தத் தூதனை நடுவில் நிறுத்தி, இத்தனை தண்ணீரையும் குடித்துவிட்டு இவ்வளவுதானா என்று கேட்கிறேன், சால்வையை அவன் வாயில் முழுசாகத் திணிக்கவில்லை என்றால் என் பேர் சேந்தன் இல்லை என்று குதித்தார்.

தவசியம்மை அவர் கையிலிருந்த ஈரமண்ணைத் தட்டிவிட்டாள். அது அவர் காலடியில் விழுந்து உடைந்தது.

"உனக்கு இன்னும் அடிக்க ஆள் வேண்டும். அவ்வளவுதானே?"

சேந்தனார் அடங்கிப்போனார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். ஆசை போனதும் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓலையை முறித்தது சரி, அரசருக்கு என்ன பதில் சொல்வது? கோதுமையில் நம் நாடு எத்தனையாவது இடம் என்று அவர் கேட்டபடியேதான் இருப்பார். பதில் இல்லாமல் போய் நின்றால் பதவி போய்விடும். அடுத்து வருகிற மந்திரி இதே ஓலையை மறுபடியும் எழுதுவான், முள்ளூர்க்காரன் கதி அதோகதிதான். இதையெல்லாம் அவர் சொன்னபோது குரல் தழுதழுத்தது. பதவிக்காக மட்டும் தழுதழுத்தது என்று சொல்ல முடியாது.

தவசியம்மையின் கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஊர் ஊராகப் போய்க் களத்தில் எத்தனை மூட்டை என்று கேட்டாய். அறுத்தவன் வீட்டில் அன்றைக்கு ராத்திரி எல்லாரும் சாப்பிட்டார்களா என்று எந்த நாட்டிலாவது கேட்டாயா?"

சேந்தனார் யோசித்துப் பார்த்தார். வடகரையில் அவர் தங்கினது களஞ்சியக்காரர் மாளிகையில். வேளை தவறாமல் விருந்து. கீழ்மலையிலும் அப்படித்தான். அறுத்தவர்களைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி, ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. முள்ளூரிலோ அவர் யார் வீட்டுக்குள்ளும் கால் வைக்கவே இல்லை.

"கேட்கவில்லை, அம்மா."

"அப்படியானால் பார்த்து வரச் சொன்னதை நீ இன்னும் பார்க்கவில்லை. அரசனுக்கு அப்படியே சொல்லி அனுப்பு. இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்று சொல்."

"எங்கே தொடங்க, அம்மா?"

"நீ அடித்தவன் வீட்டில்."